கோபக் குரல் கண்ணை எங்கே இழுக்கிறது? நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

யாராவது கோபத்தில் கத்தினால் திரும்பிப் பார்க்கிறோம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தலை திரும்புவதற்கு முன்பே, கண்மணி நகர்வதற்கு முன்பே, அந்தக் குரல் வந்த பக்கத்தில் தோன்றும் பொருளை மூளையின் பார்வைப் பகுதி கூடுதல் வேகத்தோடு கவனிக்கத் தொடங்கிவிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. குரலுக்கும் அந்தப் பொருளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் இப்படித்தான் நடக்கிறது. சொன்ன வார்த்தைக்கு அர்த்தமே இல்லாவிட்டாலும்கூட!

ஜெனீவா பல்கலைக்கழகத்தில் டோபியாஸ் ப்ராஷ், டிடியே கிராண்ஜான், டேவிட் சாண்டர், கிளாவுஸ் ஷெரர் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வும், 2009-இல் அதே குழுவிலிருந்து மூளை அலைகளையும் சேர்த்து அளந்து வந்த ஆய்வும் இதைக் காட்டின. அந்தச் சோதனையின் அமைப்பு மிக எளிமையானது. ஒரு மடிக்கணினி, கம்பி உள்ள ஹெட்போன், இரண்டு இலவச மென்பொருள்கள், கொஞ்சம் பொறுமை ஆகியவை இருந்தால் ஒரு கல்லூரி மாணவர் தமிழ்க் குரல்களை வைத்தே இதைச் செய்துவிடலாம். உளவியல் மாணவர்கள், ஆசிரியர்கள், ஒலியோடு வேலை செய்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சோதனை செய்யும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் முதல் மூன்று படிகளும் கடைசிப் படியும் பயன்படும்.

படி 1: கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"உணர்ச்சிக் குரல் பார்வையைப் பாதிக்கிறதா?" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. அதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன.

கவனம் எந்த இடத்துக்குப் போகிறது என்பது முதல் கேள்வி. இடது பக்கம் கோபக் குரல், வலது பக்கம் சாதாரணக் குரல் என்றால், இடது பக்கம் தோன்றும் புள்ளியைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமா? ஜெனீவா ஆய்வு இதைத்தான் கேட்டது.

பல பொருள்கள் கண்முன் இருக்கும்போது குரல் எதைத் தேட வைக்கிறது என்பது இரண்டாவது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சைமன் ரிகுலோ, மார்க் பெல் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு முகங்களை ஒரே நேரத்தில் திரையில் காட்டி, அர்த்தமற்ற வாக்கியங்களை உணர்ச்சித் தொனியில் ஒலிக்கவிட்டு, கண் எங்கே போகிறது என்று கருவியால் பதிவு செய்தார்கள். குரலில் இருந்த உணர்ச்சியோடு பொருந்திய முகத்தைத்தான் கண்கள் அதிகமாகவும் நீண்ட நேரமும் பார்த்தன. அப்படிப் பார்க்கும்படி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

பார்க்கும் பொருளே வேறு மாதிரித் தெரிகிறதா என்பது மூன்றாவது. நெதர்லாந்தில் பியாட்ரிஸ் டி கெல்டர், ஜான் ஃப்ரூமன் இருவரும் 2000-இல் இதை ஆராய்ந்தார்கள். மகிழ்ச்சியிலிருந்து சோகத்துக்குப் படிப்படியாக மாறும் முகப் படங்களைக் காட்டி, கூடவே சோகமான குரலையோ மகிழ்ச்சியான குரலையோ ஒலிக்கவிட்டார்கள். குரலைக் கண்டுகொள்ளாதீர்கள், முகத்தை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்று கூறிய பிறகும் பதில்கள் குரலின் பக்கம் சாய்ந்தன.

இந்த மூன்றையும் கலந்துவிட்டால் முடிவுகளைத் தவறாகப் படிப்போம். முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்துக்கொண்டு "கோபக் குரல் கேட்டால் எல்லாம் கோபமாகத் தெரியும்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வேகமாகக் கண்டுபிடிப்பது வேறு, வேறு மாதிரிப் பார்ப்பது வேறு.

படி 2: குரலில் எது வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சத்தம் ஒன்றுதான் காரணம் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் குரலில் பல அம்சங்கள் ஒன்றாக மாறுகின்றன. சூடான கோபத்தில் சுருதி ஏறும், அதன் ஏற்ற இறக்கம் விரியும், ஒலியின் பலம் கூடும், பேச்சு வேகமாகும், உயர் அதிர்வெண்களில் ஆற்றல் அதிகமாகும். சோகத்தில் பெரும்பாலும் சுருதி தாழ்ந்து, ஏற்ற இறக்கம் சுருங்கி, பேச்சு மெதுவாகும். பயத்தில் சுருதி நன்றாக மேலே போகும். ரைனர் பான்ஸே, கிளாவுஸ் ஷெரர் இருவரும் 1996-இல் நடிகர்களின் குரல்களை வைத்து 14 உணர்ச்சிகளின் ஒலி அடையாளங்களை அளந்து பட்டியலிட்டார்கள். அடக்கிப் பேசும் குளிர்ந்த கோபத்தையும் கொதித்துப் பேசும் சூடான கோபத்தையும் அவர்கள் தனித்தனியாக எடுத்துக்கொண்டது முக்கியமானது. நம் வீடுகளில் அப்பாவின் அடங்கிய கோபத்துக்கு அலறலைவிட அதிகம் பயந்தவர்களுக்கு இந்தப் பிரிவின் நியாயம் உடனே புரியும்.

கரகரப்பு என்ற அம்சத்தையும் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரணப் பேச்சில் ஒலியின் பலம் நொடிக்கு நான்கைந்து முறை ஏறி இறங்கும். ஏறக்குறைய அசைகளின் வேகம் அது. அலறலில் அந்த ஏற்ற இறக்கம் நொடிக்கு 30 முதல் 150 முறை வரை போகும். லூக் ஆர்னால் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, அலறலும் செயற்கை எச்சரிக்கை மணிகளும் இந்த எல்லையைப் பயன்படுத்துவதையும், கரகரப்பு கூடக் கூட அமிக்டாலா என்ற மூளைப் பகுதி அதிகமாகத் தூண்டப்படுவதையும் காட்டியது.

சத்தத்தைச் சமப்படுத்திவிட்டால் கோபம் காணாமல் போய்விடாது. குரலின் நிறம், கரகரப்பு, வளைவு எல்லாம் மிச்சம் இருக்கும். சோதனை நிற்பதே இந்த உண்மையின் மேல்தான்.

படி 3: காதிலிருந்து கண்ணுக்குப் போகும் வழி

காதுக்கு மேலே, மூளையின் பக்கவாட்டில் மனிதக் குரலுக்கென்றே கூடுதலாகத் தூண்டப்படும் பகுதிகள் உண்டு என்று பாஸ்கல் பெலின் குழு 2000-இல் காட்டியது. 2005-இல் கிராண்ஜான் குழு இன்னொன்றைச் சேர்த்தது. ஒரு காதில் கோபக் குரல், மறு காதில் சாதாரணக் குரல். ஏதோ ஒரு காதை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். கவனிக்காத காதில் கோபக் குரல் ஒலித்தபோதும் அந்தக் குரல் பகுதி கூடுதலாகத் தூண்டப்பட்டது. கவனிக்காத போதும் மூளை கோபத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

அமிக்டாலாவிலிருந்து பார்வைப் பகுதிகளுக்குத் திரும்பிச் செல்லும் நரம்பிழைகள் இருப்பது குரங்குகளில் உடற்கூறாகவே காணப்பட்டிருக்கிறது. பார்வைத் தகவல் முதலில் வந்து சேரும் பகுதி வரைக்கும் அவை போகின்றன. "இந்தப் பக்கத்தை நன்றாகப் பார்" என்ற சைகை இவ்வழியாகவும், நெற்றிப்புற, உச்சிப்புறக் கவனப் பகுதிகள் வழியாகவும் போகக்கூடும் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். இதில் எந்த வழிக்கு எவ்வளவு பங்கு என்பதில் விவாதம் தொடர்கிறது. அதனால் உங்கள் அறிக்கையில் "அமிக்டாலாதான் செய்தது" என்று எழுதாதீர்கள். பொத்தான் அழுத்திய நேரத்தை மட்டும் அளந்துவிட்டு மூளைப் பகுதியின் பெயரைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

2009 ஆய்வில் தலையில் மின்முனைகள் பொருத்தி அளந்தார்கள். ஒரு பொருள் கண்ணில் பட்டுச் சுமார் பத்தில் ஒரு நொடியில் பின்மண்டையில் எழும் பி1 என்ற அலை, உணர்ச்சிக் குரல் வந்த பக்கத்தில் பொருள் தோன்றியபோது பெரிதாக இருந்தது. யோசித்து முடிவெடுக்கும் கட்டத்துக்கு மிக முந்தைய நேரம் அது. பொத்தானை அழுத்தும் அவசரம் கூடியது என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை, பார்வையின் தொடக்கக் கட்டமே மாறியிருக்கிறது என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்தது இந்த அளவீட்டினால்தான்.

படி 4: தமிழில் அர்த்தமற்ற வாக்கியங்களை உருவாக்குங்கள்

இங்கேதான் உண்மையான உழைப்பு இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

அர்த்தமுள்ள வாக்கியத்தைப் பயன்படுத்தினால் உணர்ச்சி வார்த்தையிலிருந்து வந்ததா குரலிலிருந்து வந்ததா என்று பிரிக்க முடியாது. ஆகவே தமிழ் போல ஒலிக்கும், ஆனால் எதுவும் சொல்லாத வாக்கியங்கள் வேண்டும். தமிழின் விகுதிகளையும் வேற்றுமை உருபுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு வேர்ச்சொற்களை மட்டும் மாற்றினால் இது நன்றாக அமையும். "நெலிகன் பாதுவை முசந்தினான்", "தோமுலி கெசனத்தில் வபிந்தாள்" என்று எழுதிப் பாருங்கள். யாரோ எதையோ செய்தார் என்று காது எடுத்துக்கொள்ளும், ஆனால் என்ன என்று தெரியாது.

சில கண்ணிகளைக் கவனியுங்கள். "சிருதப்பு மோணியால் கெலம்பியது" என்று எழுதினால் கடைசிச் சொல்லைப் பேச்சுவழக்கில் "கிளம்பியது" என்றே கேட்பார்கள். வாக்கியத்தை மதுரை, கோவை, நாகர்கோவில், யாழ்ப்பாணம் என்று வெவ்வேறு ஊர்க்காரர்களிடம் வாசித்துக் காட்டி, "இதில் ஏதாவது சொல் தெரிந்த மாதிரி இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஒருவருக்குத் தெரிந்த மாதிரி இருந்தாலும் அதை எடுத்துவிடுங்கள்.

டா, டி, ங்க போன்ற விளி ஒட்டுகள் வரவே கூடாது. "டா" என்ற ஒற்றை அசை நெருக்கத்தையும் காட்டும், கோபத்தையும் காட்டும். "ங்க" வந்தவுடன் மரியாதை வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏவல் வினையும் வேண்டாம், கட்டளையாக ஒலிக்கும். படர்க்கை இறந்தகாலத்தில் நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது. வாக்கியங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அசை எண்ணிக்கையில் இருக்கட்டும்.

ஆயத்தக் குரல் தொகுப்புகளும் இருக்கின்றன. 2018-இல் வெளிவந்த ராவ்டெஸ் தொகுப்பில் 24 நடிகர்கள் இரண்டு ஆங்கில வாக்கியங்களைப் பல உணர்ச்சிகளில் பேசியிருக்கிறார்கள். பெலின் குழு 2008-இல் வெளியிட்ட மாண்ட்ரியல் தொகுப்பில் சொற்களே இல்லாத உணர்ச்சி ஒலிகள் உண்டு. பழகிப் பார்க்க இவை போதும். ஆனால் தமிழ் கேட்டு வளர்ந்தவர்களைச் சோதிக்கும்போது தமிழ்க் குரலே வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஜப்பானியர்களையும் டச்சுக்காரர்களையும் ஒப்பிட்ட அகிஹிரோ தனகா குழுவின் 2010 ஆய்வில், முகமும் குரலும் முரண்படும்போது ஜப்பானியர்கள் குரலின் பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். கேட்டு வளர்ந்த சூழல் இதில் கை வைக்கிறது.

படி 5: பதிவும் தேர்வும்

நாடக அனுபவம் உள்ள இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் போதும். "கோபமாகப் பேசு" என்று சொன்னால் தொலைக்காட்சித் தொடரின் கோபம்தான் வரும். சூழ்நிலையைக் கொடுங்கள்: "ரேஷன் கடை வரிசையில் ஒரு மணி நேரமாக நிற்கிறாய். ஒருவர் நடுவில் நுழைகிறார். கேட்டால் உன்னையே திட்டுகிறார். இப்போது இந்த வாக்கியத்தைச் சொல்." சாதாரணக் குரலுக்கும் ஒரு சூழ்நிலை வேண்டும்; பேருந்து நேரத்தை யாருக்கோ வாசித்துக் காட்டுவது போல. இல்லாவிட்டால் சாதாரணக் குரல் சோகக் குரலாக மாறிவிடும்.

துணிமணி நிறைந்த சிறிய அறையில் எதிரொலி குறையும். மின்விசிறியை நிறுத்துங்கள். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதை மாற்றாதீர்கள். 44,100 ஹெர்ட்ஸில், சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதியுங்கள். கைபேசியில் பதிந்தால் சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைக்க வேண்டும். பதிந்த ஒலியை வாட்ஸப்பில் அனுப்பி வாங்காதீர்கள். அது சுருக்கிவிடும், குரலின் நுண்மை போய்விடும். கோப்பாகவே நகலெடுங்கள்.

பிறகு சோதனையில் பங்கேற்கப் போகாத 15, 20 பேரிடம் ஒலிகளைக் கேட்கச் சொல்லி, கோபம், பயம், சோகம், மகிழ்ச்சி, சாதாரணம், வேறு ஏதோ என்ற ஆறு விடைகளில் ஒன்றைக் குறிக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே ஆறில் ஒரு பங்கு சரியாக வரும். பத்தில் ஏழு பேராவது ஒரே விடையைச் சொன்ன ஒலிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே உணர்ச்சியின் தீவிரத்துக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் கேட்டு வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

படி 6: சத்தத்தைச் சமப்படுத்தி, கட்டுப்பாட்டு ஒலியைச் செய்யுங்கள்

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் பூர்ஸ்மா, டேவிட் வீனிங்க் இருவரும் உருவாக்கிய பிராட் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். ஒவ்வொரு ஒலியின் சராசரிச் செறிவையும், அதாவது ஒலியின் பலத்தையும், ஒரே டெசிபெல் அளவுக்குக் கொண்டுவாருங்கள். கேட்கும் அளவு சாதாரண உரையாடல் அளவில், 60 முதல் 65 டெசிபெல்லில் இருக்கட்டும்.

இதோடு நிறுத்தினால் ஓர் ஓட்டை இருக்கும். "உயர்ந்த சுருதிதான் கவனத்தை இழுத்தது, கோபம் இல்லை" என்று யாராவது சொன்னால் பதில் இருக்காது. ஜெனீவா குழு, குரலின் சராசரிச் சுருதியும் ஒலிப் பல ஏற்ற இறக்கமும் ஒத்திருக்கும் செயற்கை ஒலிகளைச் செய்து, அதே சோதனையை அவற்றோடும் நடத்தியது. அவற்றில் அந்த விளைவு வரவில்லை. முழு ஆய்விலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நேர் முடிவின் மதிப்பே இந்த எதிர் முடிவினால்தான் உயர்கிறது.

நீங்களும் அதைச் செய்யலாம். பிராட்டில் குரலின் சுருதி வளைவைத் தனியாக எடுத்து, அதை முனகல் ஒலியாக மாற்றும் கட்டளை உண்டு. அந்த முனகலோடு மூலக் குரலின் செறிவு வளைவைப் பெருக்கினால், குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் இருந்து குரல் இல்லாத ஓர் ஒலி கிடைக்கும். ஒவ்வொரு கோபக் குரலுக்கும் ஒவ்வொரு சாதாரணக் குரலுக்கும் இப்படி ஒரு நிழல் செய்துவிடுங்கள்.

படி 7: சோதனையைக் கட்டுங்கள்

நாட்டிங்ஹாமில் ஜானத்தன் பியர்ஸ் தொடங்கிய சைக்கோபை என்ற இலவச மென்பொருளில் ஒரு சுற்று இப்படி அமையும். திரை நடுவில் கூட்டல் குறி. கண் அதிலேயே இருக்க வேண்டும். அரை நொடி முதல் ஒரு நொடிக்குள் எதிர்பார்க்க முடியாத ஒரு நேரத்தில் இரண்டு குரல்கள் ஒன்றாக ஒலிக்கும், ஒரு காதில் கோபம், மறு காதில் சாதாரணம். இரண்டும் ஒரே பாலினக் குரலாக, ஒரே நீளத்தில் இருக்கட்டும். குரல் தொடங்கி 550 முதல் 700 மில்லி நொடிக்குள் திரையின் இடது அல்லது வலது பக்கம் ஒரு சிறிய முக்கோணம் 100 மில்லி நொடி தோன்றி மறையும். அது மேல் நோக்கியதா கீழ் நோக்கியதா என்று மேல், கீழ் அம்புக்குறிப் பொத்தானால் சொல்ல வேண்டும்.

எந்தப் பக்கம் தோன்றியது என்று கேட்காமல் மேலா கீழா என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இடது காதில் உரத்த ஒலி கேட்டால் இடது கை அழுத்தத் தயாராகிவிடும். அது கையின் தயார்நிலை, கண்ணின் கவனம் இல்லை. மேல், கீழ் விடையில் அந்தக் குழப்பம் வராது.

திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவது என்றால் ஒரு சட்டம் (ஒரு புதுப்பிப்பில் திரை காட்டும் ஒரு படம்) 16.7 மில்லி நொடி. ஆகவே முக்கோணத்துக்கு 6 சட்டங்கள், குரலுக்குப் பிந்தைய இடைவெளிக்கு 33 முதல் 42 சட்டங்கள் என்று சட்டக் கணக்கிலேயே நேரத்தைக் கொடுங்கள். முகம் திரையிலிருந்து 57 சென்டிமீட்டரில் இருந்தால், திரையில் 1 சென்டிமீட்டர் பார்வைக் கோணத்தில் ஏறக்குறைய 1 பாகை. முக்கோணம் நடுவிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும்.

ப்ளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது. அதில் ஒலி நூறு மில்லி நொடிக்கு மேலும் தாமதமாகலாம், தாமதம் மாறிக்கொண்டும் இருக்கலாம். நாம் தேடும் வித்தியாசமோ பத்துப் பதினைந்து மில்லி நொடி அளவில்தான் இருக்கும். பத்து ரூபாய் நாணயத்தை லாரி எடைமேடையில் நிறுப்பது போல ஆகிவிடும்.

சுற்றுகளின் எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு: கோபக் குரல் இரண்டு பக்கம், முக்கோணம் இரண்டு பக்கம், நான்கு சேர்க்கை. ஒவ்வொன்றும் 40 முறை என்றால் 160. முனகல் ஒலிகளுக்கு இன்னொரு 160. இரண்டு காதிலும் சாதாரணக் குரல் ஒலிக்கும் சுற்றுகள் 80. முக்கோணமே வராத ஏமாற்றுச் சுற்றுகள் 40. மொத்தம் 440. ஒன்றுக்கு 3 நொடி என்றால் 22 நிமிடம். நடுவே மூன்று முறை ஓய்வு கொடுங்கள். சுற்றுகளின் வரிசையை ஒவ்வொருவருக்கும் கலைத்துப் போடுங்கள்.

"இரண்டும் சாதாரணம்" சுற்றுகளை விட்டுவிடாதீர்கள். கோபக் குரல் கவனத்தைச் சீக்கிரம் இழுக்கிறதா, இழுத்த பிறகு விட மறுக்கிறதா என்ற கேள்விக்கு அவைதான் அளவுகோல். கோபப் பக்கம் இவற்றைவிட வேகமாக இருந்தால் முதலாவது. எதிர்ப்பக்கம் இவற்றைவிட மெதுவாக இருந்தால் இரண்டாவது.

படி 8: மனிதர்களை மதியுங்கள்

கோபக் குரலைத் தொடர்ந்து காதில் கேட்பது சிலருக்கு வெறும் சோதனை இல்லை. வீட்டில் அடியும் வசவும் பட்டு வளர்ந்தவர் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம், அதை அவர் சொல்லமாட்டார். என்ன கேட்கப்போகிறது என்பதை முன்பே சொல்லுங்கள். மாதிரி ஒன்றை ஒலிக்கவிட்டுச் சம்மதம் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம் என்று எழுதியும் கொடுங்கள், வாயாலும் சொல்லுங்கள். கல்லூரியில் செய்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குங்கள். வகுப்பு மதிப்பெண்ணோடு இதை முடிச்சுப் போடாதீர்கள்.

எத்தனை பேர் வேண்டும்? ஒரே ஆள் எல்லா நிலைகளிலும் பங்கேற்கும் இந்த அமைப்பில், நடுத்தர அளவு விளைவை (சராசரி வித்தியாசத்தை, ஆளுக்கு ஆள் அது சிதறும் அளவால் வகுத்தால் 0.5) 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க 34 பேர் தேவை. விளைவு 0.4 என்றால் 52 பேர். பத்துப் பேரோடு செய்து "விளைவு இல்லை" என்று எழுதுவது நியாயம் இல்லை, "விளைவு உண்டு" என்று எழுதுவதும் நியாயம் இல்லை.

படி 9: எண்களைப் படியுங்கள்

தவறான விடைகளை நீக்குங்கள். 150 மில்லி நொடிக்குக் குறைவான விடை ஊகமாகத்தான் இருக்கும். 1,500-க்கு மேல் போனால் கவனம் சிதறியிருக்கும். இந்த எல்லைகளை எண்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிலையிலும் இடைநிலை நேரத்தைக் கணக்கிடுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. கோபக் குரல் பக்கம் 412, எதிர்ப்பக்கம் 424, வித்தியாசம் 12. முனகல் ஒலியில் "கோபப்" பக்கம் 418, எதிர்ப்பக்கம் 417, வித்தியாசம் கழித்தல் 1. இரண்டுக்கும் இடையே 13 மில்லி நொடி. நீங்கள் சோதிக்க வேண்டியது இந்தப் பதின்மூன்றை. "கோபத்தில் வித்தியாசம் வந்தது, முனகலில் வரவில்லை, ஆகவே இரண்டும் வேறு" என்று தனித்தனியாகச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. இரண்டு வித்தியாசங்களையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டும்.

இடது காது, வலது காது முடிவுகளைத் தனியாகவும் பாருங்கள். குரலின் உணர்ச்சித் தொனியைக் கையாள்வதில் மூளையின் வலப்புறத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்த வகைச் சோதனையில் குழுவின் சராசரிக்கு அர்த்தம் உண்டு, தனி ஆளின் எண்ணுக்கு நம்பகம் மிகக் குறைவு. அதே ஆளை மறுவாரம் சோதித்தால் வேறு எண் வரும். "உனக்கு 30 மில்லி நொடி வந்திருக்கிறது, நீ பதற்றமான ஆள்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். இதை வைத்து மனநிலையைக் கணிக்கும் எந்தச் செயலியையும் நம்பாதீர்கள்.

படி 10: முகச் சோதனை

மூன்றாவது கேள்விக்குக் கருவிகள் இன்னும் குறைவு. மகிழ்ச்சி முகம் ஒன்றையும் சோக முகம் ஒன்றையும் உருமாற்று மென்பொருளில் கலந்து ஒன்பது அல்லது பதினொரு படங்கள் செய்யுங்கள். படத்தில் இருப்பவர் எழுத்தில் சம்மதம் தந்திருக்க வேண்டும். ஒவ்வொரு படத்தோடும் மகிழ்ச்சிக் குரல், சோகக் குரல், ஒலியே இல்லாமல் என்று மூன்று விதமாகக் காட்டி, "முகத்தை மட்டும் பாருங்கள், மகிழ்ச்சியா சோகமா?" என்று கேளுங்கள். இரு ஓரப் படங்களில் குரலால் அதிகம் செய்ய முடியாது. நடுவில், எதுவென்று தெரியாத முகங்களில்தான் சாய்வு பெரிதாக இருக்கும்.

அந்தச் சாய்வு கண்ணில் நடந்ததா, விடை சொல்லும் கட்டத்தில் நடந்ததா என்பதை இந்தச் சோதனை மட்டும் பிரித்துச் சொல்லாது. "முகம் மாறித் தெரிந்தது" என்று எழுதாமல் "முகத்தைப் பற்றிய தீர்ப்பு மாறியது" என்று எழுதினால் போதும்.

படி 11: அன்றாடத்தில் எங்கே பயன்படுத்துவது

குழந்தைகளிடமிருந்து தொடங்கலாம். பள்ளம் போலத் தெரியும் கண்ணாடித் தளத்தின் மேல் குழந்தையைத் தவழவிடும் சோதனையை எலினார் கிப்சன், ரிச்சர்ட் வாக் இருவரும் 1960-இல் விவரித்தார்கள். அம்ரிஷா வைஷ், ட்ரிசியா ஸ்ட்ரியானோ இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 12 மாதக் குழந்தைகளுக்கு அம்மாவின் முகத்தை மட்டும் காட்டியதைவிட, முகம் தெரியாமல் அம்மாவின் தெம்பூட்டும் குரலை மட்டும் கேட்கவிட்டபோது அவர்கள் வேகமாகக் கடந்தார்கள். கண்ணுக்குப் பள்ளம் தெரியும்போதும் குரல் நம்பிக்கை கொடுத்திருக்கிறது. நடை பழகும் குழந்தையிடம் முகத்தால் சிரித்துக்கொண்டு குரலால் பதறுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இனி சாலை. ஜெனீவா முடிவிலிருந்து நான் எடுக்கும் ஓர் ஊகத்தை ஊகமாகவே சொல்கிறேன். உணர்ச்சிக் குரல் கவனத்தை அழைத்துப்போவது குரல் வந்த இடத்துக்கு. ஆபத்து இருக்கும் இடத்துக்கு அல்ல. குழந்தை சாலையில் இறங்குகிறது, பின்னாலிருந்து "ஏய்!" என்று அலறுகிறோம். குழந்தையின் கவனம் நம் பக்கம் வருகிறது, லாரி வருவது வலப்பக்கம். அதனால் அலறலோடு என்ன செய்ய வேண்டும் என்பதும் ஒரே மூச்சில் வர வேண்டும்: "நில்!" வாகனம் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து "ஐயோ, பாருங்க!" என்று பதறுவதைவிட "வலது பக்கம் சைக்கிள்" என்பது அவர் கண்ணுக்கு வேலை கொடுக்கும்.

இந்த ஊகத்தைச் சோதிக்கவும் முடியும். ஏழாவது படியின் அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அர்த்தமற்ற வாக்கியத்துக்குப் பதிலாக "இடது", "வலது" என்ற இரண்டு சொற்களைக் கோபத்திலும் சாதாரணத் தொனியிலும் பதியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு காதில் மட்டும் ஒலிக்கட்டும். பாதிச் சுற்றுகளில் சொல் காட்டும் பக்கமும் குரல் வரும் பக்கமும் ஒன்று, மீதியில் எதிரெதிர். முக்கோணம் இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் தோன்றட்டும். கோபக் குரல் இடது காதில் "வலது" என்று சொல்லும்போது, வலப்பக்கத்து முக்கோணத்தை முந்திப் பிடிக்கிறார்களா, இடப்பக்கத்ததையா என்று பாருங்கள். குரலுக்கும் முக்கோணத்துக்கும் உள்ள இடைவெளியை 300, 550, 800 மில்லி நொடி என்று மாற்றினால், இடம் எப்போது வெல்கிறது, சொல் எப்போது வெல்கிறது என்பதும் தெரியவரும்.